படத்தில் உள்ள முடி என்னுடையது அல்ல

மனுவில் காணாமல் போனதாகக் காட்டப்பட்டிருக்கும் நபர் நான்தான். வயது இருபத்தாறு. திருமணம் ஆகவில்லை. நானும் என் தாயாரும் மனுவில் கண்ட முகவரியில், இரண்டாவது மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே உள்ள வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். தந்தை உயிருடன் இல்லை. அக்கா திருமணமாகித் தனியே வசிக்கிறார். நான் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை செய்கிறேன். வாடிக்கையாளர்களின் படங்களில் உள்ள பரு, தழும்பு, கருவளையம் முதலியவற்றைக் கம்ப்யூட்டரில் நீக்குவது என் வேலை. அதனால் கடையில் என்னை டச்சப் என்றுதான் கூப்பிடுவார்கள். என்னை யாரும் கடத்தவில்லை, மிரட்டவில்லை, அடைத்து வைக்கவில்லை. நானாகவேதான் போனேன்.

எனக்குக் கல்லூரி முடிக்கும்போதே முடி கொட்ட ஆரம்பித்துவிட்டது. இதற்கும் மனுவுக்கும் என்ன சம்பந்தம் என்று இதை எழுதிக்கொண்டிருக்கும் காவல் நிலைய எழுத்தர் கேட்டார். இது மட்டும்தான் சம்பந்தம் என்று சொன்னேன். முதலில் நெற்றி ஏறியது, அதன் பிறகு உச்சியில் வட்டமாக வெளுத்தது. அதன் பிறகு நான் தொப்பி போட ஆரம்பித்தேன். பேருந்தில் கடைசி இருக்கை கிடைத்தால்தான் உட்காருவேன், இல்லாவிட்டால் யாருக்கும் முதுகு காட்டாமல் கம்பியோரம் நிற்பேன். நண்பர்கள் சேர்ந்து படம் எடுத்தால் கேமராவை நான் வாங்கிக்கொள்வேன். போட்டோ கடைக்காரன் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிறகு அவர்கள் கூப்பிடுவதும் குறைந்தது, நான் போவதும் நின்றது. முடி வெட்டும் கடையில் எனக்கு வெட்ட அதிகம் இருக்காது. ஆனாலும் அந்தக் கடைக்காரர் நல்ல மனிதர். வேலை முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் கத்தரியைக் காற்றில் சத்தம் போடவிட்டுத்தான் துணியை உதறுவார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன்.

வீட்டில் இதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு நாள் கை கழுவும் இடத்தில் இருந்த கண்ணாடியை என் தாயார் கழற்றி உள்ளறையில் மாட்டினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. நேரில் ஒரு தடவை, கண்ணாடியில் ஒரு தடவை என்று என்னை இரண்டு தடவை பார்க்க அவருக்கே பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அக்கா எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கி ஒரு படம் கேட்டார். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் என்னை நானே படம் எடுத்து, தலையில் முடி சேர்த்தேன். அந்த முடி யாருடையது என்று ஆய்வாளர் கேட்டார். பெயர் தெரியாது. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்த ஒருவருடையது. அடர்த்தியாக, வலப்பக்கம் வகிடு எடுத்து, நன்றாக இருந்தது. அவரிடம் அனுமதி வாங்கவில்லை. அது தவறு என்றால் ஒப்புக்கொள்கிறேன். அக்கா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "டேய், தொழில் தெரிஞ்ச திருடன்டா நீ" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, டிவிக்கு மேலே மாட்டிவிட்டார். பெண் வீட்டாருக்குப் படம் பிடித்துப்போய், ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்று சொல்லித் தட்டிக்கழித்தேன்.

படத்தை ஆசைக்கு ஏற்றபடி மாற்றிவிட்டேன், இனித் தலையைப் படத்துக்கு ஏற்றபடி மாற்றுவதுதான் வழி என்று எனக்குத் தோன்றியது. எனவே முடி நடும் மருத்துவமனை ஒன்றுக்குப் போவது என்று முடிவு செய்தேன். போட்டோ கம்பெனியில் பயிற்சி, வெளியூர் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, லீவு வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். இரண்டு பொய்யும் ஒன்றையொன்று சந்திக்காது என்று நினைத்தேன். மருத்துவமனைக்கு வந்து சேர்ந்ததும் செல்போனை அணைத்துவிட்டேன். என் முதலாளி இளகிய மனசுக்காரர் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அன்று மாலையே அவர் ஆரஞ்சுப் பழத்தோடு நோயாளியைப் பார்க்க வீட்டுக்குப் போயிருக்கிறார். நோயாளியே வந்து கதவைத் திறந்திருக்கிறார். அதன் பிறகு இருவரும் சேர்ந்து இந்த நிலையத்துக்கு வந்து மனு கொடுத்திருக்கிறார்கள்.

இது எதுவும் தெரியாமல் நான் மருத்துவமனையின் மாடியில், வெளியூரிலிருந்து வருபவர்கள் தங்குவதற்கென்று உள்ள அறையில் இருந்தேன். கட்டில், மேசை, ஒரு பெரிய கண்ணாடி, அவ்வளவுதான். ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் காலை மருத்துவர் என் தலையை விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "தம்பி, உங்களுக்கு இன்னும் கொட்டி முடியல. இப்ப முன்னாடி நட்டா நட்டது நிக்கும், பின்னாடி இருக்கறது போயிடும். பத்து வருஷம் கழிச்சுப் பாத்தா முன்னாடி மட்டும் தனியா நிக்கும், மறுபடி நடணும். எடுத்து நடுறதுக்குப் பின்னந்தலைல இருக்கறதும் அளவுதான். ஒரு வருஷம் மருந்து சாப்பிட்டுப் பாருங்க, அப்புறமும் வேணும்னா வாங்க" என்று கூறினார். அவர் போன பிறகு, சிகிச்சைக்கு ஆட்களைச் சேர்க்கும் பொறுப்பில் உள்ள பெண் வந்தார். "டாக்டர் எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்வாங்க. உங்களுக்குப் பொண்ணு பாக்குறாங்கன்னு சொன்னீங்களே, ஒரு வருஷம் உக்காந்திருப்பாங்களா?" என்று கேட்டார். அதன் பிறகு உதவியாளர் ஒருவர் என் நெற்றியில் பேனாவால் ஒரு கோடு வரைந்து, முடி இதுவரை வரும், இன்று முழுதும் கண்ணாடியில் பார்த்து யோசித்துவிட்டு நாளைக் காலை பதில் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கோட்டோடு நான் அறையில் உட்கார்ந்திருந்தேன். செய்துகொள்வதா வேண்டாமா என்று யாரிடமாவது கேட்க வேண்டும் போலிருந்தது. மனதுக்குள் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். ஒருவர் சிரிப்பார், ஒருவர் அடுத்தவரிடம் சொல்வார், ஒருவர் "இதெல்லாம் ஒரு விஷயமாடா" என்பார். இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பவர்கள் எல்லாருக்கும் தலை நிறைய முடி இருப்பதை நான் கவனித்திருக்கிறேன். கேட்பதற்கு ஆள் இல்லை என்று தெரிந்ததும், கண்ணாடியில் தெரிந்தவனிடம் "என்னடா பண்ணலாம்?" என்று வாய்விட்டுக் கேட்டேன்.

அன்று மதியம் கதவு தட்டப்பட்டது. திறந்தபோது இந்த நிலையத்தைச் சேர்ந்த காவலர் நின்றிருந்தார். கீழே வரவேற்பறையில் எல்லாரும் சாப்பிடப் போயிருந்ததால், வாசல் காவலாளி அவரை நேரே மாடிக்கு அனுப்பியிருக்கிறார். காவலர் ஒரு படத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார். டிவிக்கு மேலே மாட்டியிருந்த அதே படம். "அண்ணே, இந்தப் பையனை இந்தப் பக்கம் பாத்தீங்களா? செல்போன் கடைசியா இந்த ஏரியாலதான் காட்டியிருக்கு" என்று கேட்டார். அவருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயதாவது கூட இருக்கும். இல்லை, பார்க்கவில்லை என்று சொன்னேன். அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "முடி நடுற எடத்துல வந்து இவ்வளவு முடி உள்ள ஆளைத் தேடுறேன் பாருங்க, எல்லாம் என் நேரம்" என்று சிரித்தார். என் பெயரைக் கேட்டார். என் முதலாளியின் பெயரைச் சொன்னேன். போகும்போது, "அவங்கம்மா ஸ்டேஷன் பெஞ்சைவிட்டு எந்திரிக்க மாட்டேங்குது, பாவமா இருக்கு" என்று கூறிவிட்டுப் போனார்.

காவலரிடம் பொய் சொன்னது குற்றம் என்று இப்போது எனக்கு விளக்கப்பட்டது. ஏன் சொன்னேன் என்று கேட்கப்பட்டதால் சொல்கிறேன். எனக்கு ஆத்திரம் வந்தது. பெற்ற தாய், போலீசுக்குக்கூட முடி உள்ள படத்தைத்தான் கொடுத்திருக்கிறார். அப்படியானால் அவர் தேடுவது என்னை அல்ல, அந்தப் படத்தில் இருப்பவனை. அவன் கிடைத்தால் கூட்டிக்கொண்டு போகட்டும், எனக்கென்ன என்று நினைத்தேன். நாளைக்கே செய்துகொள்வது என்று அந்த நிமிடம்தான் முடிவு செய்தேன். ஆசையில் செய்த முடிவல்ல, வீம்பில் செய்த முடிவு.

மறுநாள் காலை என்னை அழைத்துப் போய் நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தைச் சுற்றித் துணி கட்டினார்கள். மயக்க ஊசி போட்டு நாள் பூராவும் நடக்கும் வேலை என்பதால் செவிலியர் வழக்கப்படி, "கூட யார் வந்திருக்கா?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். "அம்மா, அண்ணன், தம்பி, பிரண்டு?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று சொன்னேன். அம்மா இல்லை என்று சொன்ன பிறகு எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருப்பது தெரிந்திருந்தும் அப்படிச் சொன்னேன். படத்தில் இருப்பவனுக்காகவே உட்கார்ந்திருக்கட்டும், உட்கார்ந்திருப்பது அம்மாதானே என்று தோன்றியது. அதன் பிறகு நானே துணியை அவிழ்த்து நாற்காலியில் வைத்துவிட்டு, தொப்பியை எடுக்க மாடிக்குக்கூடப் போகாமல் படி இறங்கி, நேராக இந்த நிலையத்துக்கு வந்தேன்.

அம்மா வெளி பெஞ்சில் முதலாளியோடு இருந்தார். நெற்றியில் கோட்டோடு வந்தவனைப் பார்த்ததும் எழுந்து, "போனை எதுக்குடா அமத்தி வச்ச?" என்று கேட்டு முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்தார். அதன் பிறகு அடித்த இடத்திலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார். என் முதலாளி ஆய்வாளரிடம், "நான் அப்பவே இவங்ககிட்ட சொன்னேன் சார், இது டச்சப் பண்ணுன படம், நிஜ மூஞ்சி என் செல்லுல இருக்கு, தரட்டுமான்னு கேட்டேன். இவங்கதான் வேணாம்னு என் கையைப் புடிச்சுட்டாங்க" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு மறுபடி ஆத்திரம் பொங்கியது. ஆய்வாளருக்கும் கோபம் வந்தது. அந்தப் படத்தை வைத்துப் பேருந்து நிலையத்தில் அதே மாதிரி வகிடு எடுத்த யாரோ ஒருவரைப் பிடித்து வந்து, அம்மா பார்த்து இல்லை என்ற பிறகு மன்னிப்புக் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். "தெரிஞ்சேவாம்மா இந்தப் படத்தைக் குடுத்தீங்க? நாங்க எங்க போய்த் தேடுறது?" என்று ஆய்வாளர் கேட்டார்.

அதற்கு என் தாயார் சொன்னதை அப்படியே எழுதும்படி கேட்டுக்கொண்டேன். "சுவத்துல எல்லாம் ஒட்டுவோம்னு சொன்னீங்க சார். இவன் வீட்டுக்குள்ளகூட தொப்பியைக் கழட்ட மாட்டான். அந்த மூஞ்சியை ஊரெல்லாம் ஒட்டிட்டா, கெடைச்ச பெறகு இவன் அந்தத் தெருவுல நடக்கணுமில்ல?"

அப்படியே கிடைக்காமல் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று ஆய்வாளர் கேட்டார். "அதுக்குத்தான் சார் நான் இங்கயே உக்காந்திருந்தேன். படம் தப்புன்னு எனக்குத் தெரியும். யாரைக் கூட்டிட்டு வந்தாலும் நான் பாத்துச் சொல்லிக்கலாம்ல" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இதை எழுதவா விடவா என்று எழுத்தர் கேட்டார். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

சிகிச்சை பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். இப்போதைக்குச் செய்துகொள்ளப் போவதில்லை. புத்தி வந்துவிட்டதால் அல்ல. முடி வேண்டும் என்ற ஆசை இந்த நிமிடம் வரை அப்படியேதான் இருக்கிறது. மருத்துவர் சொன்னபடி ஒரு வருடம் மருந்து எடுத்துப் பார்ப்பேன். பெண் வீட்டாரிடம் அக்கா மூலமாக உண்மையைச் சொல்லிவிடுவேன், பிறகு அவர்கள் இஷ்டம். ஒரு வருடம் கழித்துச் செய்துகொள்வதா வேண்டாமா என்பதை என் தாயாரிடம் கேட்டு முடிவு செய்வேன். இருபத்தாறு வயது ஆள் இதை அம்மாவிடம் கேட்பது சிரிப்பாக இருக்கலாம். எனக்குக் கேட்க ஒரு ஆள் இருக்கிறார்.

காவலரிடம் பொய்ப் பெயர் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என்னைப் பற்றிய மனுவை முடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இது முழுவதையும் என் தாயார் பக்கத்தில் இருக்கும்போதே எனக்குப் படித்துக் காட்டினார்கள். நடந்தது இதுதான், நான் சொன்னதும் இதுதான், கூட்டியோ குறைத்தோ எழுதப்படவில்லை.

(ஒப்பம்)
காணாமல் போய்த் திரும்பி வந்தவர்

மனு கொடுத்தவரின் உறுதிமொழி: என் மகன் இவன்தான். என்னுடன் அழைத்துப் போகிறேன்.

(ஒப்பம்)
தாயார்