"தண்ணி ஊத்தாத" என்று என் கணவர் கத்தியது பற்றி

என் பெயர் நிர்மலாதேவி. வயது 46. கணவர் பெயர் வெற்றிவேல், வயது 51. முத்தியால்பேட்டை, அங்காளம்மன் கோயில் குறுக்குத் தெரு, கதவு எண் 14இல் தரைத்தளத்தில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். பி.எஸ்சி. வேதியியல் படித்திருக்கிறேன். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சோப்பு தயாரிக்கும் தனியார் நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்தில் பதினெட்டு ஆண்டுகளாகத் தரப் பரிசோதகராக இருக்கிறேன். என் கணவர் தனியார் பள்ளி வேன் ஓட்டுநர். எங்களுக்கு அபி என்று ஒரே மகள், வயது 19, கல்லூரியில் படிக்கிறாள்.

இன்று 01.10.2025, ஆயுத பூஜை நாள், மாலை சுமார் 4.30 மணிக்கு, கதிர்காமத்தில் உள்ள மருத்துவமனையில், நான் நினைவோடும் தெளிவாகப் பேசும் நிலையிலும் இருப்பதாகப் பணி மருத்துவர் சொன்ன பிறகு, பெண் உதவி ஆய்வாளரிடம் இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். தொடங்கும் முன் அவர் என் மகள் உட்பட எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, "பயப்படாதம்மா. உன் வீட்டுக்காரர் இங்க இல்ல, ஸ்டேஷன்ல இருக்காரு. நடந்தத நடந்தபடி சொல்லு" என்றார். என் கணவர் என் மீது பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தியதாகத் தகவல் வந்து, பகல் சுமார் 12.30 மணிக்கு அவரை எங்கள் தெருவிலிருந்து அழைத்துச் சென்றதாகத் தெரிந்துகொண்டேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

என்னிடம் 2004ஆம் ஆண்டு மாடல் ஸ்கூட்டர் ஒன்று உள்ளது. என் பெயரில் உள்ளது. தினமும் வேலைக்கு அதில்தான் போய் வருகிறேன். ஓராண்டாக அது காலையில் சீக்கிரம் கிளம்பாது, சிக்னலில் நின்றுவிடும். இப்போது வரும் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்று என் கணவர் சொல்லிவந்தார். வேன் ஸ்டாண்டில் ஓட்டுநர்கள் எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள் என்றும், மைலேஜ் இறங்கிவிட்டது என்று ஒருவர், கார்புரேட்டர் போய்விட்டது என்று இன்னொருவர், ஆளுக்கொன்று சொல்வதாகவும் சொன்னார். டீக்கடைப் பேச்சை நம்பி வண்டியை விற்க முடியாது என்று நான் சொன்னேன். ஆகஸ்ட் மாதம் ஒருநாள் ஆய்வகத்தில் அளவு உருளை ஒன்றில் என் வண்டியின் பெட்ரோலையும் தண்ணீரையும் விட்டுக் குலுக்கி வைத்துப் பார்த்தேன். கீழே இருந்த தண்ணீரின் கோடு மேலேறி நின்றது. எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துவிட்டது என்று பொருள். அன்று மாலை அதை அவரிடம் சொன்னபோது, "டிகிரி படிச்சவங்க சொன்னாத்தான் அது உண்ம. நாங்க சொன்னா டீக்கட பேச்சு" என்று சொல்லிச் சிரித்தார்.

அதன் பிறகு 12.09.2025 காலை வண்டியில் பெட்ரோல் வாடை வந்ததால், எங்கள் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அரிகிருஷ்ணனிடம் காட்டினேன். அவர் டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைத் தொட்டுக் காட்டி, "மேடம், பாருங்க, ஊதிப் போயி பஞ்சு மாதிரி ஆயிடுச்சு. இப்ப வர்ற பெட்ரோலுக்கு இந்தப் பழைய ரப்பர் தாங்கல. புது வண்டிக்காரங்களுக்குக் கவல இல்ல. இப்பவே மாத்திடட்டா, அரை மணி நேரம்" என்றார். வேலைக்கு நேரமாகிறது, ஆயுத பூஜை முடிந்து வருகிறேன் என்று சொன்னேன். அதற்கு அவர், "பூஜ முடிஞ்சி வர்றேன்னு சொன்னவங்களுக்குன்னே எங்கிட்ட ஒரு நோட்டு இருக்குது. அதுவரைக்கும் வண்டிய நிறுத்துனதும் பெட்ரோல் டேப்ப மூடிடுங்க" என்றார். குழாயைப் படம் எடுத்து என் வாட்ஸாப்பிற்கும் அனுப்பினார். தேதியோடு அந்தப் படம் என் கைப்பேசியில் இருக்கிறது. கைப்பேசி இப்போது என் மகளிடம் உள்ளது.

இன்று காலை சுமார் 9.30 மணிக்கு வீட்டு முன்புறச் சிமெண்ட் தரையில் என் ஸ்கூட்டர், என் கணவரின் பைக், மகளின் சைக்கிள் மூன்றையும் நிறுத்தி என் கணவர் கழுவினார். ஸ்கூட்டரைத் துடைக்கும்போது பெட்ரோல் வாடை அடித்ததால் எங்களுக்குள் வாக்குவாதம் ஏற்பட்டது. அவர் சத்தமாக, "இந்தச் சனியன ஒரு நாளைக்கு நானே கொளுத்திப் போடறேன் பாரு. உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்றார். நான், "கொளுத்துங்க பாப்பம். நாளையிலேந்து உங்க வேன்ல யூகேஜி பிள்ளைங்க மடியில உக்காந்துகினு வேலைக்குப் போறேன்" என்றேன். அதற்கு மகள் சிரித்தாள், அவரும் சிரித்தார். எதிர் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த சரிதா, என் கணவர் கொளுத்துவேன் என்று சொன்னதைக் கேட்டதாகக் கூறியிருக்கிறார். அவர் கேட்டது உண்மை. அந்தச் சொல் சொல்லப்பட்டது. சிரித்தது மாடிக்குக் கேட்டிருக்காது.

அதன் பிறகு ஈரம் காய்வதற்காக ஸ்கூட்டரை இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினேன். நிறுத்தியவள் நான். பெட்ரோல் டேப்பை மூட மறந்தவளும் நான். அதன் பிறகு மூன்று வண்டிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சாம்பிராணி போட்டோம். சாம்பிராணிப் புகையிலும் பூ வாசத்திலும் பெட்ரோல் வாடை தெரியவில்லை. குழாயிலிருந்து சொட்டியது, கழுவிய தண்ணீர் தேங்கிய தரையில் பரவிக்கொண்டிருந்திருக்கிறது. சுமார் 11 மணிக்கு நான் தட்டில் கற்பூரம் ஏற்றி ஸ்கூட்டருக்கு மூன்று சுற்று காட்டிவிட்டு, பின்சக்கரத்து எலுமிச்சம்பழத்திற்கும் காட்டுவதற்காகக் குனிந்தேன். தரையில் தீ ஓடியது. புடவைக் கரையைப் பிடித்து வலது கால் வரை ஏறியது. தட்டை விடாமல் பிடித்திருந்ததால் வலது கையும் எரிந்தது.

வேலை செய்யும் இடத்தில் எத்தனால் கேன் இருக்கும் அறைக்குள் தீப்பெட்டியோடு யாரையும் நான் விட்டதில்லை. சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துத்தான் அனுப்புவேன். அதே நான் சொட்டுகிற வண்டிக்குப் பக்கத்தில் கற்பூரத்தைக் கொண்டுபோனேன். சாமி கும்பிடும்போது அது எனக்கு நெருப்பாகத் தெரியவில்லை. இதைவிட வேறு காரணம் என்னிடம் இல்லை.

தீ பிடித்ததும் என் மகள் வண்டி கழுவிய வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அப்போது என் கணவர், "தண்ணி ஊத்தாத! ஏய் அபி, ஊத்தாதன்றேன்ல!" என்று கத்தி, வாளியைக் காலால் தள்ளிவிட்டார். அந்த நேரத்தில் சரிதா மாடியிலிருந்து, "ஐயோ, பாவி, பொண்டாட்டி எரியறா, ஊத்தவேணான்றியே!" என்று அலறினார். அவர் பார்த்ததும் கேட்டதும் அப்படியே நடந்தவை. ஆனால் பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து தீயோடு சேர்ந்து ஓடும். ஊற்றியிருந்தால் வாளியோடு நின்ற என் மகளின் காலுக்கும் அது போயிருக்கும். பள்ளி வேன் ஓட்டுநர்களுக்கு ஆண்டுதோறும் தீயணைப்புப் பயிற்சி கொடுக்கிறார்கள். அந்த ஒரு நொடியில் அவருக்கு அது நினைவு வந்தது. படித்த எனக்கு வரவில்லை. நானும் தண்ணீர் தண்ணீர் என்றுதான் கத்தினேன்.

அதன் பிறகு அவர் என்னைத் தரையிலிருந்து வாசல் படிப் பக்கம் இழுத்துப்போட்டு, எரிந்துகொண்டிருந்த புடவையை இரு கைகளாலும் பிடுங்கி எறிந்து, வண்டி துடைக்க நனைத்து வைத்திருந்த கோணிச் சாக்கை என் மேல் போட்டு அழுத்தினார். தீ அணைந்தது. ஸ்கூட்டரைத் தெருவுக்குத் தள்ளி, பக்கத்தில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலை அள்ளிப் போட்டார். அதன் பிறகு என்னைக் குழாயடியில் உட்காரவைத்து, கையிலும் காலிலும் கால் மணி நேரத்துக்குமேல் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார். மேலே ஒரு துண்டைப் போர்த்தி, "ஒண்ணுமில்ல நிர்மலா, ஒண்ணுமில்ல, இங்க பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முதலில் வேண்டாம் என்றவர், சரிதா சத்தம் போட்ட பிறகுதான் பயந்து தண்ணீர் ஊற்றினார் என்று புகாரில் எழுதப்பட்டிருப்பதாக அறிகிறேன். தீ இருக்கும்வரை தண்ணீர் கூடாது, தீ போன பிறகு தண்ணீர்தான் வேண்டும். அவ்வளவு நேரம் தண்ணீர் விட்டதால்தான் காயம் ஆழமாகப் போகவில்லை என்று என்னைப் பார்த்த மருத்துவர் சொன்னார். அவரிடமும் கேட்டுக்கொள்ளலாம்.

அதன் பிறகு 108 ஆம்புலன்சில் மகளும் நானும் ஏறினோம். தெருவில் கூடியவர்கள் என் கணவரை ஏறவிடவில்லை. சட்டையைப் பிடித்து நிறுத்திக்கொண்டார்கள். அவர் அங்கிருந்தபடியே மகளிடம், "அம்மா கண்ண மூடாம பாத்துக்க" என்று மட்டும் சொன்னார்.

உதவி ஆய்வாளர் என்னிடம், அவர் குடிப்பாரா, அடிப்பாரா, மகளை வைத்து யாராவது மிரட்டுகிறார்களா என்று மூன்று முறை வேறு வேறு விதமாகக் கேட்டார். அவர் குடிப்பதில்லை. கோபம் வந்தால் கதவை அறைந்து சாத்திவிட்டு வேன் ஸ்டாண்டுக்குப் போவார். இருபத்தோரு ஆண்டில் என் மேல் கை வைத்ததில்லை. இந்தக் கேள்விகளைக் கேட்டதற்காக நான் வருந்தவில்லை, நன்றி சொல்கிறேன். உண்மையிலேயே கொளுத்தப்பட்ட ஒருத்தி இந்தக் கட்டிலில் படுத்திருந்தால் அவளிடமும் இப்படித்தான் கதவைச் சாத்திவிட்டுக் கேட்க வேண்டும். சரிதா மேலும் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு பெண் எரிவதைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டு விவகாரம் என்று உள்ளே போகாமல் போலீசைக் கூப்பிட்டவர் அவர். அவர்மீது யாரும் நடவடிக்கை எடுக்கக் கூடாது. மெக்கானிக் அரிகிருஷ்ணன் மீதும் குற்றம் இல்லை. அவர் செய்ய வேண்டியதைச் சொன்னார், நான் செய்யவில்லை. குழாய் கெட்டதற்கு எத்தனால்தான் காரணம் என்று அவர் சொன்னதை நான் நம்புகிறேன். ஆனால் இருபத்தோரு ஆண்டுப் பழைய ரப்பர் எந்தப் பெட்ரோலிலும் கெட்டிருக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பரிசோதித்துப் பார்க்கக் குழாய் இப்போது இல்லை, தீயில் எரிந்துவிட்டது.

புடவையைப் பிடுங்கியபோது என் கணவரின் இரண்டு உள்ளங்கைகளும் வெந்து தோல் உரிந்ததை நான் பார்த்தேன். அந்தக் கையோடுதான் மணல் அள்ளினார். நான் ஆம்புலன்சில் ஏறும்வரை அதற்கு அவர் மருந்து போட்டுக்கொள்ளவில்லை, யாரிடமும் காட்டவும் இல்லை. பெட்ரோல் ஊற்றியவன் கை எப்படி இருக்கும், எரிகிற துணியைப் பிடுங்கியவன் கை எப்படி இருக்கும் என்பது மருத்துவருக்குத் தெரியும். விசாரணை முடிந்த பிறகு என்று இல்லாமல், இப்போதே அவரை இங்கே கூட்டி வந்து காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் ஸ்டியரிங் பிடித்துப் பிழைப்பவர்.

இந்த வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நானும் ஒருமுறை படித்தேன். ஸ்கூட்டரிலிருந்து பெட்ரோல் 'ஊற்றியது' என்று ஓரிடத்தில் எழுதியிருந்ததை 'சொட்டியது' என்று திருத்தச் சொன்னேன், திருத்தப்பட்டது. இதில் என் கணவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது எதுவும் இல்லை, அவர் எனக்குச் செய்தது மட்டுமே உள்ளது. என் அறிவுக்கு எட்டியவரை எல்லாம் உண்மை. வலது கையில் கட்டு போட்டிருப்பதால், எழுதப் படிக்கத் தெரிந்திருந்தும், இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

(இடது கைப் பெருவிரல் ரேகை)
வெ. நிர்மலாதேவி

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. மாலை 5.40 மணி. வெற்றிவேல் என்பவரை உடனே மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்து வருமாறு நிலையத்திற்குத் தொலைபேசியில் சொல்லப்பட்டது.
உதவி ஆய்வாளர் (ஒப்பம்)