சுண்ணாம்புக் கோட்டுக்குள் மருதாணி

தௌசீப்: ...இல்ல சார், கோடு தப்பா போட்டுட்டாங்க. மருதாணிச் செடி உள்ள மாட்டுது பாருங்க.

சூர்யா: தப்பு இல்ல. நான்தான் போடச் சொன்னேன். கோட்டுக்குள்ள இருக்குற மண்ணு மொத்தமும் லாரி ஏறணும்.

தௌசீப்: பங்க்ல லீக்கான பெட்ரோல் பைப்பு அந்தாண்ட. பாலாறு அந்தாண்ட. இது மேடு. பெட்ரோல் இன்னா, மேட்டுல ஏறி வருமா?

சூர்யா: பெட்ரோல் ஆவி மீட்டர் இருநூத்துப் பன்னண்டு காட்டுச்சு. நூறு தாண்டுனா தோண்டணும்.

தௌசீப்: நான் மோந்து பாத்தேன் சார். வாசனையே இல்ல.

சூர்யா: ஆம்பூர் மூக்க நம்பி ரிப்போர்ட் எழுத முடியாது தௌசீப். ஒரு வருஷமா காலுக்குக் கீழ ஒழுகுது. பங்க் மேனேஜர் நீ, தோல் கம்பெனி நாத்தம்னு சொல்லிக்கினு இருந்த.

தௌசீப்: எல்லாருந்தான் சொன்னோம். ஜோதி மட்டுந்தான் இது பெட்ரோல்னு...

சூர்யா: ஜோதியா?

தௌசீப்: ...மேடம். ஜோதி மேடம்.

சூர்யா: எட்டு மாசம் முன்னாடி என் பொண்டாட்டி செத்தப்ப, மேடம் மேடம்னுதான் அழுத.

தௌசீப்: ஆறு வருஷம் பங்க் ஆபீஸ்ல ஒரே ரூம்ல வேல பாத்தோம் சார். வாய்ல வந்துடுச்சு.

சூர்யா: தெரியும். ஒரே ரூம்.

தௌசீப்: ஏன் அப்டி இழுக்குறீங்க? ...ஆமா, நீங்க மண்ணு டெஸ்ட் பண்ற ஆளு. உங்ககிட்ட அவங்க சொல்லலியா?

சூர்யா: சொன்னா.

தௌசீப்: நீங்க இன்னா சொன்னீங்க?

சூர்யா: ...தோல் கம்பெனி நாத்தம்னேன்.

தௌசீப்: ஹா! அப்ப உங்களுதும் ஆம்பூர் மூக்குதான்.

சூர்யா: ஜேசிபி வருது. தள்ளி நில்லு.

தௌசீப்: யோவ் டிரைவரு, நிறுத்துய்யா! போய் டீ குடிச்சிட்டு வா... சார், ஒரு நிமிஷம்.

சூர்யா: ஒரு செடிக்கு இவ்ளோ பேஜாரா? தெனம் தண்ணி ஊத்துறியாமே.

தௌசீப்: வேற யாரு ஊத்துவா?

சூர்யா: அவ இருந்தப்பவும் நீதானா?

தௌசீப்: அவங்க லீவு போட்டா நான்.

சூர்யா: எலைய அரைச்சுக் குடுக்குறது?

தௌசீப்: எங்கம்மா அரைப்பாங்க. டப்பால எடுத்துக்கினு வருவேன். இங்கயே உக்காந்து வச்சுக்குவாங்க.

சூர்யா: கை செவக்கச் செவக்க வீட்டுக்கு வருவா. எங்கன்னு கேட்டா, பங்க்லன்னுவா. அதுக்கு மேல நான் கேட்டதில்ல. டெங்கு வார்டுல கூட அந்தச் செவப்பு போகல. அதையே பாத்துக்கினு உக்காந்திருந்தேன்.

தௌசீப்: சார்...

சூர்யா: அவ்ளோ செவந்தா யாரோட ஆசைன்னு சொல்வாங்க தௌசீப்?

தௌசீப்: இன்னா கேள்வி இது? புருஷனுக்கு ஆசை ஜாஸ்தின்னுதான். இங்க பொண்ணுங்க எல்லாம் கிண்டல் பண்ணுவாங்க. அவங்க சிரிப்பாங்க.

சூர்யா: செடிய யாரு வாங்கிக் குடுத்தது?

தௌசீப்: தெரியாத மாதிரி கேக்குறீங்க.

சூர்யா: சொல்லு.

தௌசீப்: வாணாம் சார், கோச்சுக்குவீங்க.

சூர்யா: சொல்லு!

தௌசீப்: அந்தச் செடியப் பாத்தாலே எனக்கு வயிறு எரியும். போதுமா? அடிக்கணும்னா அடிங்க.

சூர்யா: உனக்கா? உனக்கு எதுக்கு எரியணும்?

தௌசீப்: பின்ன? தெனம் அதே கதை. கல்யாண நாளுக்கு அவரு நாட்றம்பள்ளி நர்சரில வாங்கினாரு, பஸ்ல மடில வச்சு எடுத்துக்கினு வந்தாரு, வாடகை வீட்ல மண்ணு இல்ல, அதான் இங்க வச்சேன்... எத்தன வாட்டி! கையில வைக்கிறப்ப ஒருவாட்டி, கழுவுறப்ப ஒருவாட்டி. நான் டப்பாவப் புடிச்சிக்கினு நின்னு கேக்கணும். அவங்க போனப்புறம் புடுங்கிப் போட்டுடலாம்னுகூட வந்தேன். முடியல. தண்ணி ஊத்திட்டுப் போய்ட்டேன்... இன்னா சார், ஏன் அப்டிப் பாக்குறீங்க?

சூர்யா: செடி அடில ஒரு கை மண்ணு எடு. வேரு படாம. கவர்ல போட்டு இறுக்கிக் கட்டு.

தௌசீப்: கட்டியாச்சு.

சூர்யா: வெயில்ல வை, ஆவி ஏதாச்சும் இருந்தா வரட்டும். பத்து நிமிஷம்.

தௌசீப்: பத்து நிமிஷம் ஆச்சு சார்.

சூர்யா: மீட்டரோட மூக்க உள்ள வுடு. இன்னா காட்டுது?

தௌசீப்: சைபர்... இருங்க, மறுபடி வுடுறேன்... சைபர்தான். காலைல இருநூத்துப் பன்னண்டுன்னீங்களே?

சூர்யா: காலைலயும் சைபர்தான். கோட்ட அழிச்சிடு பாய். அப்புறம்... அந்தச் செடிய நான் வாங்கல. நாட்றம்பள்ளில நான் எறங்குனதே இல்ல. அவளே வாங்கிட்டு என் பேரச் சொல்லியிருக்கா.