விலக்கு ஞாயிறும் என் கல்யாணமும்

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, சட்டைக் காலரைத் தளர்த்தவும் முடியாமல் வியர்வையோடு வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! மேடையில் நீங்கள் தலைவர், வீட்டில் என் மகன். இரண்டு இடத்திலும் நான் பேச ஆரம்பித்தால் உங்களுக்குப் பேச வாய்ப்பில்லை என்பது இந்தச் சபையே அறிந்த செய்தி. அருள்மொழி பொழியும் அருட்தந்தை அவர்களே! நரைத்த தலையும் நிமிர்ந்த நெஞ்சுமாய் முன்வரிசையை நிறைத்திருக்கும் மூப்பர்களே! அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்ற கவலையை அடக்கிக்கொண்டு எனக்காக வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பாட்டுக் குழுவின் பைங்கிளிகளே! வாசலுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, எப்போது முடிப்பாள் இவள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் இளங்காளைகளே! உங்கள் அத்தனை பேர் முன்னும் என் வணக்கத்தை வைக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தந்த தலைப்பு ‘திருச்சபை வரலாற்றில் வேதப்புரட்டுகள்’. ரொட்டி சுடுகிறவளுக்கு எதற்கு இந்தத் தலைப்பு என்று கேட்கிறீர்களா? கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். நான் இன்றைக்கு இந்த மேடையில் நிற்பதே, இதே ஆலயத்தில் ஒருத்தி எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டதால்தான்.

முன்வரிசை மூப்பர்களே, உங்களுக்கு விலக்கு ஞாயிறு நினைவிருக்கிறதா? ஆண்டுக்கு ஒரு ஞாயிறு. ஆராதனை முடியும் நேரத்தில், மணியடிக்கும் வெண்கலத் தொண்டை அண்ணன் பலிபீடப் படியில் வந்து நிற்பார். தவறாகப் போதித்தவர்கள் என்று ஆதிச் சபை ஒதுக்கிய பழைய வேதப்புரட்டர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக முழங்குவார். ‘ஆரியுஸ்!’ என்பார். ‘விலக்கினோம்!’ என்று சபை இரையும். ‘மார்கியோன்!’ என்பார். ‘விலக்கினோம்!’ ‘நெஸ்தோரியுஸ்!’ ‘விலக்கினோம்!’ நாங்கள் பிள்ளைகள், பெஞ்சில் குத்துவோம். மரம் அதிரும், மெழுகுவர்த்தி ஆடும், சாதாரண ஞாயிறுகளில் தும்மினாலே முறைக்கிற பெரியவர்கள் அன்றைக்குத் தாங்களே தொண்டை கிழியக் கத்துவார்கள். ஆஹா, அந்தச் சத்தம்! இன்றைக்கும் அடுப்பில் விறகு வெடித்தால் எனக்கு அந்தப் பெஞ்சுதான் ஞாபகம் வருகிறது.

யார் அந்த ஆரியுஸ்? எவன் அந்த மார்கியோன்? யாருக்குத் தெரியும்! பக்கத்துத் தெருப் போக்கிரிகள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பால் பொங்கி வழிந்தால் என் அம்மா ‘இது பெலாகியுஸ் வேலை’ என்பாள். பள்ளிக்கூடத்தில் சண்டை வந்தால் ‘போடா நெஸ்தோரியுஸ்!’ என்போம். அதற்கு மேல் ஒரு வசை எங்கள் வயதுக்குக் கிடையாது. வாசலோரத்தில் சிரிக்காதே தம்பி, உன் அப்பாவும் அப்படித் திட்டியவர்தான். திட்டு வாங்கியவள் நான்.

பிற்பாடு நான் தேடிப் படித்தேன். மாவு புளிக்கிற நேரமெல்லாம் படித்தேன். மார்கியோன் கப்பல் முதலாளி. பழைய ஏற்பாட்டின் கடவுள் வேறு, இயேசுவின் தந்தை வேறு என்று சொன்னவர். உரோமைச் சபை அவரை வெளியே அனுப்பியது. அனுப்பும்போது அவர் கொடுத்திருந்த பெருங்காணிக்கையையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. பொருளாளர் ஐயா, நிமிர்ந்து உட்காராதீர்கள், அது பழங்காலம்! ஆரியுஸ், மகன் தந்தைக்குச் சமமல்ல, மகனுக்கு ஒரு தொடக்கம் உண்டு என்றவர். அதைப் பாட்டாகக் கட்டி மாலுமிகளும் மாவரைப்பவர்களும் பாடும்படி செய்தாராம். தெருவெல்லாம் அந்தப் பேச்சாம். நெஸ்தோரியுஸ், மரியாளைக் கடவுளின் தாய் என்று சொல்லாதே, கிறிஸ்துவின் தாய் என்று சொல் என்றவர். பெலாகியுஸோ, மனிதன் முயன்றால் நல்லவனாகலாம், சாக்குச் சொல்லாதே என்றவர். இதைப் படித்த அன்று எனக்கு என் அம்மாமேல் கோபமே வந்தது. பால் பொங்கியதற்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

பொல்லாதவர்கள் என்று தேடிப் போனேன், பிடிவாதக்காரர்களைக் கண்டேன். உண்மையிலிருந்து ஒரு பிடியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதையே முழு உண்மை என்று மார்போடு அணைத்துக்கொண்டவர்களைக் கண்டேன். அவர்களை எதிர்த்தவர்கள் சும்மாவா எதிர்த்தார்கள்? ஊர் ஊராகத் துரத்தப்பட்டார்கள், நாடு கடத்தப்பட்டார்கள். விளையாட்டுக்கு நடந்த சண்டையல்ல அது. நாம்தான் அதை விளையாட்டாகக் கத்திக்கொண்டிருந்தோம்.

ஒரு பெயரை மட்டும் விட்டுவிட்டேன். வரிசையில் கடைசிப் பெயர். தொனாத்துஸ். அவரிடம் வருகிறேன். அதற்கு முன் என் கல்யாணத்துக்கு வாருங்கள்.

ஆலயங்களைப் பூட்டி வைத்திருந்த கொடுங்காலம் ஒன்று நமக்கு இருந்ததை மூத்தோர் அறிவீர்கள். ஆயுதத்தோடு வந்தவர்கள் அன்றைய பாதிரியாரிடம் திருநூல்களைக் கேட்டார்கள். விசுவாசத்தை விட்டேன் என்று கையெழுத்தும் கேட்டார்கள். ஆலயச் சாவி வைத்திருந்த இளைஞனிடமும் அதையே கேட்டார்கள். அந்த இளைஞன் மறுத்தான், சிறையில் செத்தான். அவன் அண்ணன்தான் பிற்பாடு நம் சபையின் தலைமை மூப்பரான இரும்புக்கடைக்காரர். பாதிரியார் என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது. காலம் மாறி, கதவு திறந்து, அவர் திரும்பி வந்தபோது, தலைமறைவாக இருந்து நூல்களைக் காத்த வீரர் என்றே ஊர் கொண்டாடியது. அவர் கையால் ஞானஸ்நானம், அவர் கையால் கல்யாணம். என் கல்யாணமும் அவர் கையால்தான்.

என் வீட்டுக்காரர் லாரி மெக்கானிக். கையைக் கழுவிக் கழுவிப் பார்த்தும் நகக்கண்ணில் கிரீஸ் போகாமல், மோதிரம் மாற்றும்போது என் விரலிலும் கொஞ்சம் கறுப்பு ஒட்டியது. என் மாமியார் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். ரொட்டிக்கடை முதலாளியம்மா அவர். மாவு பிசையத் தெரியாத மருமகளை மகன் கொண்டுவந்துவிட்டான் என்று அவருக்கு ஆற்றாமை. என்னை ‘ஏய்’ என்றுதான் கூப்பிடுவார். முறை வைத்து ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. கல்யாணத்தன்று பூரா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே நின்றார். புகைப்படத்தில் இன்றைக்கும் அப்படியேதான் நிற்கிறார்.

ஓராண்டுகூட ஆகவில்லை. ஜாக்கி நழுவியது, லாரி இறங்கியது. அப்போது இதோ இந்தத் தலைவர் என் வயிற்றில் இருந்தார். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வராது.

மகன் பிறந்த சில மாதங்களில் பாதிரியாருக்குப் பாராட்டு விழா. இதே போல மேடை, இதே போல அடைமொழிகள். ‘அஞ்சாத சிங்கமே’ என்று ஒருவர் ஆரம்பித்தார். கிழவர் எழுந்தார். ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார். ‘வேண்டாம்’ என்றார். நூல்களைத் தானே எடுத்துக் கொடுத்ததையும், கையெழுத்துப் போட்டதையும், பயத்தில் போட்டதையும், எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இறங்கிப் போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை.

மறுவாரமே மூப்பர் குழு கூடியது. விசுவாசத்தை விற்றவன் கை பட்டது எதுவும் செல்லாது என்று தீர்மானம். அவர் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது, புதிதாகப் பெறுக! அவர் நடத்திய கல்யாணம் செல்லாது, புதிதாகச் செய்க! ஊரே முதலில் திகைத்தது, பிறகு சிரித்தது. தச்சர் ஒருவர், இந்தத் தடவை நன்றாக யோசித்துத்தான் சம்மதம் சொல்வேன் என்றார். அவர் மனைவி, நான் யோசிக்கவே வேண்டாம், மாட்டேன் என்றார். இளம் பாதிரியார் ஒருவரை வரவழைத்து, சனிக்கிழமைதோறும் ஜோடி ஜோடியாக நிற்க வைத்தார்கள்.

எல்லோருக்கும் ஜோடி இருந்தது. நான் யாரோடு போய் நிற்பேன்?

குழுவிடம் போனேன். இரும்புக்கடை மூப்பர் கெட்டவர் இல்லை. என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துத்தான் பேசினார். ‘நாங்க என்னம்மா செய்யறது? மறுபடி நடத்த மாப்பிள்ளை வேணுமே’ என்றார். ஆக, சபைக்கு நான் அவர் மனைவி இல்லை. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது தகப்பன் பெயரைச் சொல்ல முடியாது. கல்யாணத்தன்று கிரீஸ் ஒட்டிய என் விரலைப் பார்த்துக்கொண்டே வீடு வந்தேன். தாய்மார்களே, செத்தவரை ஒரு தடவை அடக்கம் செய்தாயிற்று. அவர் என்னைக் கட்டினதையும் சேர்த்து அடக்கம் செய்யச் சொன்னால் எந்த மண்ணில் செய்வது?

மூப்பர் என் மாமியாரிடமும் வந்து சொன்னார். உனக்கு ஒரு பாரம் குறைந்தது தங்கச்சி என்கிற மாதிரி பேசினார். மாமியார் ரொட்டியைச் சுற்றிக் கொடுத்தார். காசை எண்ணிக் கல்லாவில் போட்டார். சரி, நம் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து வந்தது விலக்கு ஞாயிறு. ஆலயம் நிரம்பி வழிந்தது. கடைசிப் பெஞ்சில் கிழவர் தனியாக. தூணோரம் நான், மடியில் பிள்ளை. வெண்கலத் தொண்டை அண்ணன் முழங்கினார். ஆரியுஸ், விலக்கினோம்! நெஸ்தோரியுஸ், விலக்கினோம்! பெலாகியுஸ், விலக்கினோம்! ‘தொனாத்துஸ்!’ என்றார். சபை வாயைத் திறந்தது.

‘கொஞ்சம் நிறுத்துப்பா.’

பெண்கள் பக்கத்திலிருந்து என் மாமியார் எழுந்து நிற்கிறார். முழங்கையில் மாவு.

‘அந்த ஆள் என்னதான் பண்ணான்?’

அண்ணன் திருதிருவென்று விழித்தார். ஆண்டு தவறாமல் விலக்கியிருப்பார். ஒரு தடவை விசாரித்ததில்லை. மூப்பரைப் பார்த்தார், மூப்பருக்கும் தெரியாது. எல்லோரும் இளம் பாதிரியாரைப் பார்த்தார்கள். அவருக்குத் தெரியும். படித்தவர் ஆயிற்றே! தெரிந்ததால்தான் அவர் முகம் சிவந்தது. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். ஆதிச் சபையைப் பேரரசு துன்புறுத்திய காலத்தில், உயிருக்குப் பயந்து திருநூல்களை ஒப்படைத்த குருமார் இருந்தார்கள். அப்படி வீழ்ந்தவன் கையால் நடந்த திருச்சடங்கு செல்லாது, புதிதாகச் செய்ய வேண்டும் என்று சொன்ன கூட்டத்துக்குத் தலைவர் தொனாத்துஸ். அது தவறு, அருள் கொடுக்கிறவர் கடவுள், குருவின் கை வெறும் கைதான் என்று சபை முடிவு செய்தது. இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.

ஒரு பெஞ்சும் அசையவில்லை. எல்லோரும் சனிக்கிழமை ஜோடியாக நின்றவர்கள் அல்லவா!

மாமியார் விடவில்லை. ‘என் கடையில அடுப்புப் பாக்கிறவன் குடிகாரன். ஊருக்கே தெரியும். அதுக்காக நீங்க தின்னது ரொட்டி இல்லையா?’

அப்போது இரும்புக்கடை மூப்பர் எழுந்தார். அந்தக் குரலை நான் மறக்கமாட்டேன். ‘என் தம்பி கையெழுத்துப் போடல, தங்கச்சி.’

மாமியாரின் குரலும் இறங்கியது. ‘அவனுக்கு யாரும் ஈடு இல்ல அண்ணே. நான் அவனுக்காக இன்னிக்கும் வேண்டிக்கிறேன். ஆனா அவன் செத்ததுக்காக என் மகன் கட்டினது எப்படிப் பொய்யாகும்?’ என்று சொல்லி, திரும்பி, என்னைக் கையால் காட்டினார். ‘எனக்குப் பிடிக்காத கல்யாணம்தான். ஆனா நடந்த கல்யாணம். பிடிக்காம நின்ன நானே சாட்சி. இவ என் மருமக.’

மூப்பர் கடைசிப் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்து, மறுபடி சொல் என்று தலையசைத்தார். ‘தொனாத்துஸ்’ என்றார் அண்ணன், முழங்காமல், மெல்ல. சபை வாய் திறக்கவில்லை. மூப்பர் மட்டும் தனியாக, உடைந்த குரலில், ‘விலக்கினோம்’ என்றார். சொல்லிவிட்டு நடந்து போய்க் கடைசிப் பெஞ்சில் கிழவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கிழவர் அழுதார். நாங்களும் அழுதோம்.

அன்று மாலை வீட்டில் மாமியார் என்னை ஏதாவது கொஞ்சினாரா என்று கேட்கிறீர்களா? ‘ஏய், அடுப்பைப் பாரு, கருகுது’ என்றார். சாகும்வரை அப்படித்தான் கூப்பிட்டார். நான் மாவு பிசையக் கற்றுக்கொண்டேன். அவர் குறை சொல்லக் குறைவைக்கவில்லை. அந்த ‘ஏய்’ கேட்க ஏங்குகிறேன் நான், இந்த வயதிலும்!

வெண்கலத் தொண்டை அண்ணன் போனார். விலக்கு ஞாயிறும் அவரோடு போனது. மறுபடி வேண்டும் என்கிறதா ஒரு குரல்? எனக்கும் ஆசைதான்! ஆனால் அன்பர்களே, கத்துவதற்கு முன் கேளுங்கள். விலக்கப்படுகிறவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். ஏன் சொன்னார் என்று கேளுங்கள். அவர் யாரை இழந்துவிட்டுச் சொன்னார் என்று கேளுங்கள். அதையே நாமும் சொல்லிக்கொண்டிருக்கிறோமா என்று, ஐயா, அம்மா, அதை முதலில் கேளுங்கள்! கேட்ட பிறகு விலக்க வேண்டியதை விலக்குங்கள். அப்போதும் மூப்பர் விலக்கினாரே, அந்தக் குரலில் விலக்குங்கள். தொனாத்துஸை நான் வெறுக்கவில்லை. அந்தப் பெயரைக் கேட்டால், தம்பியைச் சிறையில் பறிகொடுத்த ஓர் அண்ணன் முகம்தான் எனக்குத் தெரிகிறது.

முடித்துவிடுகிறேன், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சற்றுமுன் அறிவிப்பாளர் தம்பி அவரை மேடைக்கு அழைத்தார். முதலில் தகப்பன் பெயரைச் சொன்னார், பிறகு மகன் பெயரைச் சொன்னார். நீங்கள் மகன் பெயர் வரும்வரை காத்திருந்து கைதட்டினீர்கள். நான் முதல் பெயருக்கே தட்டிவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா, ‘என்னக்கா அவசரம்?’ என்று கேட்டார். பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன் அம்மா.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், இடையில் எழுந்து போகாத இளையோர்க்கும், என்னைப் பேச அழைத்த சபைக்கும், கேள்வி கேட்ட என் மாமியாருக்கும் நன்றி. வணக்கம்.