படத்தின் கீழ் ஒரு பெயர்

தலைவர் சரீப் அதிபர் அவர்களே, மேடையிலிருக்கும் பெரியோர்களே, கல்முனை ஆய்வு வட்டத்து நண்பர்களே, அஸ்ஸலாமு அலைக்கும். பெரியநீலாவணையிலிருந்து வந்திருக்கும் சகோதரர்களுக்கு என் வணக்கம்.

நம்மை விட்டு மறைந்த மர்ஹூம் பளீல் ஆசிரியர் இந்தச் சபையில் இருந்திருந்தால் கூட்டம் தொடங்கியே இருக்காது. உங்கள் கையிலுள்ள நினைவுப் பிரசுரத்தை முதலில் பறித்திருப்பார். ஏன்? அதிலுள்ள அவருடைய படத்தின் கீழ் ஒரு பிழை கிடக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நமது வட்டத்தில் கட்டுரை வாசித்தவர்களில் அவரிடம் அகப்படாதவர் யார்? ஒரு படம் போட்டால் போதும். யார் கீறியது? எந்த ஆண்டு? அசல் எங்கே இருக்கிறது? நண்பர் ஜவுபர் ஒரு பாய்க்கப்பல் ஓவியத்தைச் சேர்த்து, 'நன்றி: கலண்டர்' என்று எழுதிவிட்டார். "தம்பி, கலண்டரா தூரிகை புடிச்சது?" என்று கேட்டார் ஆசிரியர். ஜவுபர் ஓவியரைத் தேடி ஒலுவில் வரை போனார். தன் பெயரைக் கேட்டு வந்த முதல் ஆள் என்று அந்த மனிதர் சோறு போட்டு அனுப்பினார். ஜவுபர் இன்றும் அந்த மீன் ஆணத்தின் ருசியைப் பற்றித்தான் கதைக்கிறார், கப்பலைப் பற்றியல்ல.

மற்றவர்களுக்கு மட்டுமா இந்தச் சட்டம்? பன்புல்லில் இழைக்கும் பாய்களின் கோலங்களைப் பற்றி அவரே எழுதினார். பாயிழைக்கும் பெண்களின் வீடுகளுக்குள் போய்ப் படமெடுத்தவர் அவர் மனைவி நஸீறா. ஆசிரியர் வாசலில் நின்றதோடு சரி. கொழும்பில் ஒரு தொகுப்பாளர் குழு கட்டுரையை ஏற்றது. ஆனால் வீட்டுப் பெண்ணின் பெயர் எதற்கு, 'படங்கள்: கட்டுரையாளர்' என்று போடுவோம் என்றார்கள். பெரிய தொகுப்பொன்றில் அவர் பெயர் வர இருந்த முதல் வாய்ப்பு அது. விட்டுக்கொடுங்கள் என்று நாங்களெல்லாம் சொன்னோம்.

"அவ எடுத்த படத்த நான் எடுத்ததெண்டு போட்டா, நாளைக்கு அல்லாஹ்க்கிட்ட என்னத்தச் சொல்ற?" என்றார்.

கட்டுரையைத் திருப்பி வாங்கிவிட்டார். பிறகு அது நமது சிறிய இதழில் வந்தது. ஒவ்வொரு படத்தின் கீழும் இழைத்தவர் பெயர், எடுத்தவர் பெயர். எத்தனை பெருமிதம் ஆசிரியர் முகத்தில்!

இப்போது பிரசுரத்தைப் பாருங்கள். படத்தின் கீழே ஒரு ஸ்டூடியோவின் பெயர் இருக்கிறது. அசல் படத்தின் பின்புறம் கடை முத்திரை இருந்ததால் அச்சகத்தில் அப்படியே கோத்துவிட்டார்கள். கடை படச்சுருளைக் கழுவிக் கொடுத்தது, சரி. எடுத்தது யார்? கணவரை இழந்து இத்தாவில் வீட்டோடிருக்கும் நஸீறா காலையில் இதைப் பார்த்துவிட்டு, தன் தம்பி றஸாக்கிடம் சொல்லியனுப்பினார்: "அவர் சிரிக்கிறதப் பாத்தாலே தெரியாதா, ஆரு எடுத்ததெண்டு?"

தெரிகிறது, சகோதரர்களே. பெயரில்லாத ஒரு படமும் இனி நமது இதழில் வராது. அந்த வேலையை இப்போதே தொடங்குவோம். பேனாவை எடுங்கள். கடைப் பெயரை வெட்டுங்கள். 'படம்: நஸீறா பளீல், மருதமுனை, 1985' என்று எழுதுங்கள். பேனா இல்லாதவர்கள் பக்கத்திலிருப்பவரிடம் வாங்குங்கள்.

எழுதியாயிற்றா? இனி அவர் கூட்டத்தைத் தொடங்க விடுவார். துஆவுக்குக் கையேந்துவோம்.