டீச்சருக்காக நான் நடத்திய வழக்கு

என் கையெழுத்து சில நேரம் எனக்கே புரியாது. அதனால் நான் சொல்லச் சொல்ல நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் படித்துப் பார்த்துக் கையொப்பமிடுகிறேன். வக்கீல்கள் மேல் வரும் புகார்களை விசாரிப்பது உங்களுக்கும் அலுப்பான வேலைதான். முடிந்தவரை சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒரே அக்கா. அம்மா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அவள்தான். கணவர் இறந்த பின் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்தாள். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவளுக்கு மாரடைப்பு. ஆம்புலன்ஸ் பாலத்தில் ஏறியபோது அங்கே பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். புதிய நிலக்கரி மின் நிலையம் வரக்கூடாது, பூமி கொதிக்கிறது என்று சொல்லி, உள்ளங்கையைப் பசை தடவித் தார்ச்சாலையில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா மருத்துவமனை வாசலிலேயே இறந்துபோனாள். "அரை மணி நேரம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். அந்த அரை மணி நேரத்துக்கு யாராவது எனக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பதினொரு பேருக்கும் முன்னால் நின்றவர் பள்ளியில் உயிரியல் பாடம் எடுப்பவர். எல்லோருக்கும் அவர் டீச்சர். மறியலுக்குத் திட்டம் போட்டவர் என்பதால் உயிர்ச்சேதக் குற்றச்சாட்டு அவர் ஒருவர் தலையில்தான் விழுந்தது. அந்த வழக்கைத் தொட வக்கீல்கள் தயங்கினார்கள். நானாகப் போய் எடுத்துக்கொண்டேன். அக்காவின் பெயரோடு அத்தான் பெயர் ஒட்டியிருந்ததால், செத்தவள் எனக்கு யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

சிறையில் முதல் சந்திப்பிலேயே டீச்சர் அழுதார். வலது கையில் பெரிய கட்டு. "அந்த அம்மாவ நெனச்சா தூக்கமே வரல சார். அவங்க வீட்டுல யாராவது இருந்தா நான் நேர்ல பாத்து மன்னிப்புக் கேக்கணும்" என்றார்.

"இப்போ வேணாம் டீச்சர். வழக்கு முடியட்டும்" என்றேன். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். எனக்கு அன்று நல்ல பசி. வெகு நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

விசாரணை தொடங்க இரண்டு வாரம் இருந்தபோது ஆம்புலன்ஸ் ஓட்டுநர் என் அலுவலகத்துக்கு வந்தார். போலீஸ் தன்னை ஒன்றுமே கேட்கவில்லை என்று அவருக்கு ஆதங்கம். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"சைரன் கேட்டதும் அந்த டீச்சர்தான் சார் மொதல்ல எந்திரிச்சாங்க. கை ஒட்டியிருந்துச்சு. அப்படியே பிச்சு எடுத்தாங்க, தோலோட. ரத்தம் சொட்டச் சொட்ட ஓடியோடி வழி பண்ணிக் குடுத்தாங்க. நாலு நிமிஷம்கூட ஆகல. நான் எங்க வேணா வந்து சொல்றேன்."

"கண்டிப்பா கூப்பிடுறேன்" என்று அவர் நம்பரைக் குறித்துக்கொண்டேன். படிக்கட்டு வரை போய் வழியனுப்பினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துப்போட்டேன்.

அதே வாரம் அரசு வக்கீல் என்னை ஓரமாக அழைத்தார். டீச்சர் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் உயிர்ச்சேதக் குற்றச்சாட்டைக் கைவிட்டு, அபராதத்தோடு முடித்துவிடலாம் என்றார். மற்ற பத்துப் பேரும் அப்படித்தான் வீட்டுக்குப் போனார்கள். டீச்சரிடம், அரசுத் தரப்பு ஒரு படிகூட இறங்கி வரவில்லை என்று சொன்னேன். "நீதிபதி முன்னாடி பயப்படாதீங்க. வருத்தப்படுறேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, குத்தத்த ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றும் சொல்லிக் கொடுத்தேன்.

நல்ல மாணவி. சொன்னதை அப்படியே செய்தார். செய்ததற்கு வருத்தமில்லை, பூமிக்காக மறுபடியும் உட்காருவேன் என்றார். நீதிபதி அதை வார்த்தை பிசகாமல் குறித்துக்கொண்டார். தண்டனை ஏழு வருடம். டீச்சரின் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. அம்மா வெளியே வரும்போது ஒன்பதில் இருப்பாள். நீதிமன்றத்தில் உட்கார்ந்தபடியே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அன்றைக்குத்தான் அக்கா போன பிறகு முதல்முறையாக நிம்மதியாகத் தூங்கினேன்.

மேல்முறையீட்டு மனுவில் டீச்சர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கெடு முடிந்து இரண்டு வருடமாகிறது. ஆனாலும் மாதம் தவறாமல் போய்ப் பார்க்கிறேன்.

"அப்பீல் என்னாச்சு சார்?"

"வரிசைல இருக்கு டீச்சர். அடுத்த மாசம் எடுத்துடுவாங்க."

"உங்கள மாதிரி ஒருத்தர் கெடச்சது என் அதிர்ஷ்டம் சார்."

போன மாதமும் இதையே சொன்னார். மகளுக்கு அம்மா முகம் மறந்துகொண்டே வருகிறதாம். நான் ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன். ஆக, சாட்சியை மறைத்தேன், சமரசத்தை மறைத்தேன், மேல்முறையீட்டைக் கெடு தாண்ட விட்டேன். மூன்றையும் தெரிந்தேதான் செய்தேன். ஓட்டுநர் இத்தனை காலம் கழித்துப் புகார் கொடுத்ததில் எனக்கு அவர் மேல் கோபம் ஒன்றும் இல்லை.

அவர் என்னிடம் இன்னொன்றும் சொன்னதாகப் புகாரில் இருக்கிறது என்கிறீர்கள். உண்மைதான். எழுந்து போகும்போது கதவருகே நின்று சொன்னார்:

"அந்தம்மா வண்டியில நெனவோடதான் சார் இருந்தாங்க. ஆறு மணிக்கே வலி வந்துடுச்சாம். தம்பிக்கு ஏழு தடவ போன் பண்ணாங்களாம், எடுக்கலயாம். எட்டரைக்குத்தான் எங்களக் கூப்பிட்டாங்க. 'அவன் வேலையா இருப்பான், பாவம்'னு சொல்லிக்கிட்டே வந்தாங்க."

அக்கா இறந்த அன்று பத்து மணிக்கு எனக்கு முக்கியமான வாதம் இருந்தது. மின்விசிறி ஓடவில்லை என்றாலும் அவள் எனக்குத்தான் போன் செய்வாள். அவள் பெயரைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் நீங்களும் சட்டம் படித்தவர். போனை எடுக்காமல் இருப்பது எந்தச் சட்டத்திலும் குற்றம் இல்லை. சாலையை மறிப்பதுதான் குற்றம்.