எறும்பு ஏறாமல் இருக்க

தேனீக்குச் சீனிப்பாணி கொடுப்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. சூட்டோடு வைப்பார்கள், வெயில் நேரத்தில் வைப்பார்கள். சீனியும் தண்ணீரும் சரிபாதியாகக் காய்ச்சி, நன்றாக ஆறவிட்டு, பொழுதுபட்ட பிறகு பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஒரு துளி வெளியே சிந்தினாலும் எறும்பு வந்துவிடும். அதனால்தான் என் பெட்டியின் கால்களை மீன் அடைத்து வந்த வெறும் தகர ரின்களுக்குள் நிறுத்தியிருக்கிறேன். ரின்னில் பழைய எஞ்சின் ஒயில் இருக்கும்வரை எறும்பு ஏறாது.

கொழும்பு வெள்ளவத்தையில், தொடர்மாடியின் மொட்டை மாடியில் தேனீ வளர்ப்பவன் பூவை நம்பியிருக்க முடியாது. எங்கள் நாட்டுத் தேனீக்குப் பசி வந்தால் சண்டை பிடிக்காது. சொல்லாமல் கொள்ளாமல் கூட்டைவிட்டுப் போய்விடும். வேளைக்குச் சாப்பாடு கொடுத்தும் போகப் பார்த்தால், ராணியின் ஒரு சிறகைச் சின்னக் கத்தரிக்கோலால் கொஞ்சம் வெட்டிவிடலாம். அதற்கு நோகாது என்றுதான் சொல்கிறார்கள். அது பறக்காது, அதை விட்டுவிட்டு மற்றவை போகமாட்டா.

மனைவி செத்துப்போன பிறகு வீட்டில் நானும் மகள் உஷாந்தியும்தான். கல்யாணம் முடிந்த கையோடு மருமகன் லவன் கனடாவுக்குத் திரும்பிவிட்டார். மகளின் விசா இழுபட்டது. அது இழுபட்டதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அவளுக்குப் பிடித்த பிட்டும் இறால் குழம்பும் நானே சமைத்துக் கொடுத்தேன். போன மாதம் விசா வந்துவிட்டது.

"நீங்களும் பிறகு வரலாம்தானே அப்பா," என்றாள்.

"ஓம் பிள்ளை, முதல்ல நீ போ," என்றேன்.

ஆளில்லாத வீட்டில் செத்துக் கிடக்க எனக்குப் பயம், ஐயா. இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

அவள் புறப்பட இருந்த கிழமை, பொழுதுபடும் நேரம், மொட்டை மாடிக்கு ஏறும் சீமெந்துப் படியின் மேல்கட்டில் ரின்களில் இருந்த ஒயிலை ஊற்றினேன். வேறு ஒயில் கைவசம் இருக்கவில்லை. பிறகு மேலே நின்று, "பிள்ளை, பாணியைக் கொண்டு வா," என்று கூப்பிட்டேன். இரண்டு கையாலும் சட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

"அப்பா, இருட்டா இருக்கு. லைற்றைப் போடுங்கோ."

நான் போடவில்லை.

கால் முறியும், பயணம் பிந்தும் என்றுதான் நினைத்தேன். முறிந்தது முள்ளந்தண்டு. இனி நடக்கமாட்டாள் என்று களுபோவில ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னபோது நான் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை.

நீங்கள் கெட்டிக்காரர். படியில் ஒயிலைப் பார்த்தவுடன் மேலே ஏறிவந்து ரின்களைப் பார்த்தீர்கள். ஆஸ்பத்திரியே கதியென்று நின்றதில் அவற்றைத் திரும்ப நிரப்ப எனக்கு ஞாபகம் வரவில்லை. அதற்குள் எறும்பு ஏறி, தேனீக்கள் போய்விட்டன. நான் சிறகு வெட்டிவிட்ட ராணி மட்டும் பெட்டிக்குள் செத்துக் கிடந்தது. அதற்காக அவை நிற்கும் என்று நம்பியிருந்தேன்.

உஷாந்தி என் முகத்தில் முழிக்கமாட்டாளாம். "அப்பா என்னை அடைச்சு வைக்கத்தான் பார்த்தவர்," என்று உங்களிடம் சொன்னாளாம்.

ஓம், ஒயிலை ஊற்றியது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பிள்ளையை அடைத்து வைத்தேன் என்று மட்டும் எழுத வேண்டாம். எங்கள் வீட்டுக் கதவை நான் ஒருநாளும் பூட்டியதில்லை.