ஏழாம் நம்பர் ரிப்போர்ட்

சின்ன கோச்: கதவச் சாத்துங்க மாமா.

பெரிய கோச்: மேட்ச் நாள்ல மாமான்னு கூப்பிடாதன்னு எத்தன தடவ சொல்றது? பொண்டாட்டி தம்பிய உதவி கோச்சா வெச்சிருக்கேன்னு காலேஜ் பூரா பேச்சு.

சின்ன கோச்: பொய்யா என்ன?

பெரிய கோச்: பொய்யா இருந்தா நான் ஏன் கோவப்படறேன்... என்னடா, மூஞ்சி வெளுத்துப் போய் நிக்கற? செமிஃபைனல் பயமா? இன்னும் நாப்பது நிமிஷம் கெடக்கு. தண்ணி குடி.

சின்ன கோச்: மொதல்ல கதவு.

பெரிய கோச்: சாத்தியாச்சு. சொல்லு.

சின்ன கோச்: கொக்கு வந்தான்.

பெரிய கோச்: அவன் தினமும்தான் வர்றான். அஞ்சு மாசமா பெஞ்சத் தேய்ச்சுக்கிட்டு... ஆறடி அஞ்சு அங்குலத்த மடக்கி உக்கார்றதே அவனுக்கு ஒரு எக்ஸர்சைஸ்.

சின்ன கோச்: சிரிக்காதீங்க. அவங்கப்பா அவன பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கார். எல்லா டெஸ்ட்டும் திரும்ப எடுத்திருக்காங்க. நெஞ்சுல ஒரு குறையும் கெடையாதாம். இந்தாங்க, பாருங்க.

பெரிய கோச்: ம்... நல்ல சேதிதானே. அடுத்த மேட்ச்ல எறக்கிடலாம்.

சின்ன கோச்: அப்ப சீசன் ஆரம்பத்துல நமக்கு வந்த ரிப்போர்ட்டு யாரோடது?

பெரிய கோச்: கிளினிக்ல மெஷின் கோளாறா இருக்கும்.

சின்ன கோச்: இதயச் சுவர் தடிச்சிருக்கு, ஓடவே விடாதீங்கன்னு எழுதியிருந்தது. மெஷினா எழுதுச்சு? டாக்டர்தானே எழுதினார்?

பெரிய கோச்: சரி, டாக்டர் கோளாறு.

சின்ன கோச்: மாமா... கோளாறு எங்கிட்ட. கொஞ்சம் பேச விடுங்க. பதினஞ்சு பேரையும் ஒரே வேன்ல ஏத்திட்டுப் போனேன்ல, அன்னிக்கு நர்ஸம்மா பேர் கேட்டாங்க. பேரெல்லாம் வேணாம், ஜெர்சி நம்பர் போதும்னு நான்தான் சொன்னேன். நம்ம கிட்ட எல்லாமே நம்பர்தானே. தண்ணி பாட்டில், துண்டு, லாக்கர்... பழக்கம். அவங்களும் நம்பரையே போட்டு அனுப்பிட்டாங்க.

பெரிய கோச்: ஏழாம் நம்பர்னு வந்தது. ஏழாம் நம்பர் கொக்கு. உக்கார வெச்சோம். இதுல என்ன?

சின்ன கோச்: ரிப்போர்ட் வந்தப்ப ஏழு கொக்கு. வேன்ல போனப்ப ஏழு யாரு?

பெரிய கோச்: இப்ப எதுக்கு அது?

சின்ன கோச்: நடுவுல புது ஜெர்சி வந்துச்சு. பழசு வாங்கினதுலேர்ந்து அடிபட்டுக்கிட்டே இருக்கேன், ராசியில்லாத நம்பர்னு சொல்லி ஒருத்தன் பன்னண்ட எடுத்துக்கிட்டான். கொக்குவுக்கு எதா இருந்தா என்னன்னு ஏழு போச்சு.

பெரிய கோச்: மெதுவாப் பேசு.

சின்ன கோச்: யாருன்னு உங்களுக்குத் தெரியும்தானே?

பெரிய கோச்: வண்டு.

சின்ன கோச்: வண்டுதான். அந்தக் குட்டப் பய அஞ்சு மாசமா ஒரு மேட்ச் விடாம ஓடறான். இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் இப்பவும் ஓடிக்கிட்டுதான் இருக்கான்.

பெரிய கோச்: அஞ்சு மாசம் ஓடி ஒண்ணும் ஆகலேல்ல? அதுலயே தெரியல?

சின்ன கோச்: ஒண்ணும் ஆகலன்னு யார் சொன்னா? போன வாரம் கோட்டுக்குக் கோடு ஓட விட்டேன்ல... எட்டாவது ஓட்டத்துல தலைய சுத்துது கோச்னு உக்காந்துட்டான். நடிக்காதடான்னு கத்தி, இன்னும் ரெண்டு ஓட வெச்சேன் மாமா. ஓடினான். ஓடி முடிச்சுட்டு சாரி கோச்னு வேற சொன்னான். அன்னியிலேர்ந்து எனக்குத் தூக்கம் போச்சு.

பெரிய கோச்: வெயில் நாள். எல்லாருக்கும்தான் சுத்தும்.

சின்ன கோச்: கதவு தட்டறாங்க.

பெரிய கோச்: மூஞ்சியத் தொட. உள்ள வாம்மா.

பிசியோ: சார், ஸ்கோர் டேபிள்ல டீம் ஷீட் கேக்கறாங்க. மொதல் அஞ்சு பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. என்ன, ரெண்டு பேரும் சண்டையா?

பெரிய கோச்: குடும்பச் சண்டை. இவங்கக்கா நேத்து எனக்கு சோறு போடல.

பிசியோ: சின்ன சாருக்கு ஏன் இப்படி வேர்க்குது?

பெரிய கோச்: அவனுக்கு எப்பவும் மேட்ச்சுக்கு முன்னாடி வேர்க்கும். பசங்க எப்படி இருக்காங்க?

பிசியோ: கணுக்கால் கட்டெல்லாம் ஆச்சு. வண்டு மட்டும் குளுக்கோஸ் கேட்டான். நெஞ்சு படபடங்குதாம்.

சின்ன கோச்: மேடம்...

பெரிய கோச்: பயம்மா. அவங்கம்மா மொத தடவையா மேட்ச் பாக்க வந்திருக்காங்கல்ல.

பிசியோ: நானும் அப்படித்தான் நெனச்சேன். ரெண்டாவது வரிசையில உக்காந்திருக்காங்க. லீவு போட்டுட்டு வந்தாங்களாம், பையன் எந்தப் பக்கக் கூடையில பந்து போடுவான்னு எங்கிட்டயே கேட்டாங்க. அஞ்சு நிமிஷத்துல வர்றேன் சார், ஷீட் ரெடியா வைங்க.

பெரிய கோச்: வெக்கறேன்.

சின்ன கோச்: மாமா, காதுல விழுந்துச்சா? படபடங்குதாம்.

பெரிய கோச்: விழுந்துச்சு.

சின்ன கோச்: அவன் பேர எழுதாதீங்க. கால்ல பிடிப்புன்னு சொல்லிடலாம். வயித்து வலின்னு சொல்லலாம். எதையாவது சொல்லி இன்னிக்கு உக்கார வைங்க, நாளைக்கு டாக்டர் கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்.

பெரிய கோச்: அவன் இல்லாம நாம ஜெயிப்போமா?

சின்ன கோச்: மாட்டோம்.

பெரிய கோச்: தோத்தா பிரின்சிபால் என்ன சொன்னார்னு ஞாபகம் இருக்கா? மூணாவது வருஷமும் ஃபைனல் இல்லன்னா ரெண்டு பேரும் வேற எடம் பாத்துக்கங்கன்னார். எனக்கு அம்பத்திரெண்டு வயசு மாப்ள. எங்க போய் விசில் ஊதுவேன்?

சின்ன கோச்: விசில் ஊத வேற காலேஜ் கெடைக்கும். அந்தம்மாவுக்கு வேற வண்டு கெடைக்குமா?

பெரிய கோச்: மொதல் பாதி மட்டும் ஆடட்டும். நான் பக்கத்துலயே நின்னு பாத்துக்கறேன்.

சின்ன கோச்: என்னத்தப் பாத்துக்குவீங்க? அவன் விழறதையா?

பெரிய கோச்: வாய மூடு.

சின்ன கோச்: பந்து தரையில தட்டுற ஒவ்வொரு தட்டும் என் நெஞ்சுல வந்து விழுது. ஒவ்வொரு தட்டுக்கும் அடுத்தது வருமான்னு காத்துக்கிட்டு நிக்கறேன்.

பெரிய கோச்: எனக்கு மட்டும் பயமில்லன்னு நெனச்சியா? இந்த சீசன் பூரா அவன் ஆடறப்ப நான் பந்தப் பாத்ததே இல்லடா. அவன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டே...

சின்ன கோச்: சீசன் பூராவா?

பெரிய கோச்: ...ஒரு பேச்சுக்கு சொன்னேன்.

சின்ன கோச்: நான் வந்து இவ்வளவு சொல்லியும் நீங்க ஒரு தடவகூட ஐயையோன்னு சொல்லல மாமா.

பெரிய கோச்: ஐயையோ சொன்னா எல்லாம் சரியாயிடுமா?

சின்ன கோச்: பேனாவக் கீழ வைங்க. அவன் பேர எழுதறீங்க.

பெரிய கோச்: எழுதிதான் ஆகணும்.

சின்ன கோச்: வைங்க. என்ன அடிச்சாலும் சரி... மேடம். மேடம், உள்ள வாங்க.

பெரிய கோச்: டேய்.

பிசியோ: என்ன சார், வெளிய வரைக்கும் கேக்குது.

சின்ன கோச்: வண்டுவ நிறுத்துங்க. அவன் ஆடக்கூடாது. ஏழாம் நம்பர்னு வந்த இதய ரிப்போர்ட் அவனோடது. கொக்குவோடது இல்ல.

பிசியோ: என்ன சொல்றீங்க?

சின்ன கோச்: டெஸ்ட்டுக்கு அப்புறம் நம்பர மாத்திக்கிட்டாங்க. தப்பானவன உக்கார வெச்சு, சரியில்லாதவன ஓட விட்டுட்டோம். படபடப்பு பயத்துல வரல மேடம்.

பிசியோ: கடவுளே... தள்ளுங்க. வண்டு... டேய் வண்டு, பந்தக் கீழ போடு. இங்க வா. ஓடாத, ஓடாத. நடந்து வா. மெதுவா. ம், இங்கயே தரையில உக்காரு. ஒண்ணுமில்லடா, கைய குடு... சார், கேட்டுல நிக்கற ஆம்புலன்ஸ உள்ள வரச் சொல்லுங்க.

சின்ன கோச்: இதோ.

பெரிய கோச்: அவங்கம்மா எறங்கி வர்றாங்க.

பிசியோ: வரட்டும். பக்கத்துல உக்காரட்டும். நாடி தாறுமாறா அடிக்குது, ஆனா பேசறான். நீங்க அந்த ரிப்போர்ட்ட எடுங்க சார், டாக்டர் கிட்ட காட்டணும்.

பெரிய கோச்: அது... ஆபீஸ் ஃபைல்ல இருக்கு.

பிசியோ: இருங்க, ஆஸ்பத்திரி டாக்டர் லைன்ல வந்துட்டார். ஆமா டாக்டர், பத்தொம்பது வயசு. ஆமா, மயக்கம்கூட வந்திருக்காம், இவனே சொல்றான்... என்னது? கேக்கறேன். சார், இவனுக்கு இந்தக் குறை இருக்குன்னு தெரிஞ்சப்புறம் எவ்வளவு நாள் ஓடியிருக்கான்னு கேக்கறார். சரியா சொல்லணுமாம், அத வெச்சுத்தான் மருந்தாம். உங்களுக்கு எப்ப தெரியும்?

பெரிய கோச்: இப்பத்தான்மா. கொக்கு வந்து பேப்பரக் காட்டினப்புறம். அரைமணி நேரம்கூட ஆகல. இவனையே கேளு.

பிசியோ: சின்ன சார்?

சின்ன கோச்: அஞ்சு மாசம்னு சொல்லுங்க மேடம். அந்த ரிப்போர்ட்ல உயரம் அஞ்சடி ஏழுன்னு போட்டிருந்தது. வந்த அன்னிக்கே கோச் அதுக்குக் கீழ பென்சில்ல கோடு போட்டு வெச்சிருந்தார். அன்னிக்கே அத அழிச்சது நான்.